தொட்டுக்க என்ன? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தை ஆறேழு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. அதுவும் இலக்கியம் பற்றி இல்லை, மன்னிக்கவும்.

எனக்கு வயது 43. சென்னையில் மென்பொருள் வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. "இன்னும் சுகர் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறீர்கள்" என்றார் டாக்டர். ஜிம்மில் இதுவரை மூன்று முறை சேர்ந்து மூன்று முறையும் இரண்டு மாதத்துக்குள் நின்றுவிட்டேன். இப்போது கையில் வாட்ச் கட்டிக்கொண்டு தினமும் பத்தாயிரம் அடி என்று இலக்கு வைத்திருக்கிறேன். பல நாள் இரவு பதினொன்றரைக்கு மேல் படுக்கையறைக்கும் பால்கனிக்குமாக நடந்து கணக்கை முடிக்கிறேன். மனைவி எனக்கென்று ஓட்ஸ், தினை, சாலட் என்று தனியாகச் செய்கிறார், குழந்தைகளுக்கு வேறு சமையல். அவருக்கும் அலுத்துவிட்டது, எனக்கும்.

உங்களுக்கும் சர்க்கரை எல்லையில் இருந்தது என்று ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிறவர் நீங்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன பயிற்சி செய்கிறீர்கள்? ஒன்றுமில்லாவிட்டால் எந்த ஓட்ஸ் நல்லது என்றாவது சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

இலக்கியம் பற்றிக் கேட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்திருக்காது. இது சொந்த உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டது, அதனால் கை தானாக ஓடுகிறது. ஆனால் நான் டாக்டர் இல்லை. மருந்து, மாத்திரை எல்லாம் உங்கள் டாக்டரோடு. அடுப்படியிலும் தெருவிலும் நடப்பதைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

முதலில் அந்த 6.1. அது கடந்த இரண்டு மூன்று மாதத்து ரத்தச் சர்க்கரையின் சராசரிக் கணக்கு, ஒருநாள் கல்யாணச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட முடியாது. 5.7 முதல் 6.4 வரை வாசல், 6.5 என்றால் உள்ளே வந்தாயிற்று. வாசலில் கூட்டம் ஜாஸ்தி. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி, எல்லையில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். இதில் நல்ல சேதி ஒன்று உண்டு, அது சென்னையில் இருந்தே வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு, எல்லையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் போலத் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுக்கு எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. எடை பார்க்கும் மெஷினில் ஏறி இறங்கி மனம் நொந்துபோகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், முள் நகராவிட்டாலும் உள்ளே ஏதோ நகர்ந்துகொண்டிருக்கிறது.

அடுத்து உங்கள் வாட்ச். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டோடு, 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் மன்போ-கெய், அதாவது பத்தாயிரம் அடி எண்ணும் மீட்டர். வியாபாரப் பெயர், அவ்வளவுதான். பின்னால் வந்த ஆய்வுகள் ஏழெட்டாயிரம் அடிக்குள்ளேயே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது என்கின்றன. ஆகவே இரவு பதினொன்றரைக்கு பால்கனிக்கு நடப்பதை இன்றோடு விடுங்கள். அந்த நேரத்தில் உங்கள் உடம்புக்கு வேண்டியது தூக்கம். அதே ஆயிரம் அடியை ராத்திரிச் சாப்பாடு முடிந்து கை கழுவிய கையோடு நடந்தால் மதிப்பே வேறு. சாப்பிட்ட சர்க்கரை ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அது. கால் தசை வேலை செய்தால் அதை இழுத்துக்கொள்ளும், அதற்கு இன்சுலினின் சிபாரிசு கூட அவ்வளவாக வேண்டாம். பத்து நிமிடம் போதும். நான் குப்பையை அந்த நேரத்தில்தான் கொண்டுபோய்ப் போடுகிறேன், அதுவும் எங்கள் தெருமுனைத் தொட்டியில் இல்லை, அடுத்த தெருத் தொட்டியில். அங்கே ஒரு வீட்டுக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார் என்பது தனிக் கதை.

ஜிம் நின்றுபோனதற்காக வெட்கப்பட வேண்டாம். நான் யோகா வகுப்பில் நின்றேன், காலை நடைக் குழுவில் நின்றேன் (அந்தக் குழு நடந்ததைவிட டீக்கடையில் உட்கார்ந்த நேரம் அதிகம், உளுந்த வடை நன்றாக இருக்கும்). ஏன் நின்றுபோகிறது என்று யோசித்தபோதுதான் லண்டன் பஸ் கதை கண்ணில் பட்டது.

ஜெர்ரி மோரிஸ் என்று ஒரு டாக்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். லண்டனின் இரட்டை மாடி பஸ்களில் ஓட்டுநர், நடத்துநர் என இரண்டு பேர், ஒரே சம்பள வகையறா, ஒரே மாதிரி வீடு வாசல். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளைக்கு 500-இல் இருந்து 750 படி வரை ஏறுவார். கணக்கெடுத்தால் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது, வந்தாலும் பிந்தி வந்தது, உயிரை எடுப்பதும் குறைவு. 1953-இல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் வெளியானபோது பலர் நம்பவில்லை. மோரிஸே தன்னைச் சந்தேகப்பட்டார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஒருவேளை குண்டானவர்கள் ஓட்டுநர் வேலைக்குப் போகிறார்களோ என்று, பஸ் நிர்வாகம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவை வாங்கிப் பார்த்தார். ஆமாம், ஓட்டுநர்களின் இடுப்பு பெருத்துத்தான் இருந்தது. ஆனால் இடுப்பு ஒரே அளவாக இருந்தவர்களை ஒப்பிட்டாலும் நடத்துநர்களே தேவலை. தபால்காரர்களையும் நாற்காலி குமாஸ்தாக்களையும் வைத்துப் பார்த்தபோதும் அதேதான். மோரிஸ் 99 வயது வரை இருந்தார்.

அந்த நடத்துநர்களில் ஒருவர்கூட "இன்று 600 படி ஏறியாக வேண்டும்" என்று காலையில் சபதம் எடுத்திருக்க மாட்டார். மாடியில் ஆள் உட்கார்ந்திருக்கிறது, டிக்கெட் கொடுக்க வேண்டும், ஏறித்தான் ஆக வேண்டும். நம்மூர் டவுன் பஸ்ஸில் இப்போது பல நடத்துநர்கள் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, காசும் டிக்கெட்டும் பயணிகள் கைமாற்றிக் கைமாற்றிப் போவதை வேடிக்கை பார்க்கிறார்கள். இங்கே மோரிஸ் வந்திருந்தால் ஆய்வு படுத்திருக்கும்.

நீங்களும் நானும் செய்த தப்பு, உடம்புக்கென்று ஒரு தனி மணி நேரம், உடம்புக்கென்று ஒரு தனிச் சமையல் என்று ஒதுக்கியது. தனியாக ஒதுக்கியதெல்லாம் ஆபீஸில் ஒரு அவசரம், வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் முதலில் கழன்று விழும். அதனால் ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், செய்யாவிட்டால் வீடு நின்றுபோகும்படியான வேலை.

இங்கே உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரிக்கு வருகிறேன். மனைவி தனியாகச் செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை உங்களுக்கு, வேலை அவருக்கு. உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். ரிப்போர்ட் வந்ததும் காசு கொடுத்து ஒரு உணவு ஆலோசகரிடம் போனேன். அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து, மேலே கோடிட்ட இடத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். ப்ரோக்கலி, கினோவா, ஆலிவ் எண்ணெய். ப்ரோக்கலிக்காக என் மனைவி மூன்று கடை ஏறி இறங்கினாள். பத்தொன்பது நாள் தாக்குப்பிடித்தேன். இருபதாவது நாள் அவள் தாளை மடித்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, "காய் நறுக்கிக் கொடுங்க, நம்ம சாப்பாட்டையே கொஞ்சம் மாத்திப் பாப்போம்" என்றாள்.

அன்று வந்த காய் வாழைப்பூ. வேண்டுமென்றே வாங்கியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. தரையில் உட்கார்ந்து, விரலில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, மடலைப் பிரித்தால் உள்ளே வரிசையாகப் பூ. ஒவ்வொன்றிலும் தீக்குச்சி மாதிரி தலை பெருத்த ஒரு நரம்பு, அதைக் கள்ளன் என்பார்கள், அதையும் அடியில் இருக்கும் கண்ணாடி போன்ற சின்னச் செதிலையும் கிள்ளி எறிய வேண்டும். நறுக்கியதை உடனே மோர்த் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். முக்கால் மணி நேரம். எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் ஊன்றியும் முடியாமல் பீரோவைப் பிடித்து எழுந்தேன். 52 வயதில் தரையிலிருந்து எழத் தெரியவில்லை என்பது, சர்க்கரை ரிப்போர்ட்டைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது. மூன்று மாதம் தினமும் காயும் கீரையும் என் பொறுப்பு என்று ஆனபின் ஒரு கையை ஊன்றி எழுந்தேன், இப்போது கை வேண்டாம். கீரையைச் சுத்தம் செய்வதை நாம் ஆய்வது என்கிறோம், ஆராய்ச்சிக்கும் அதே வேர்தான். முருங்கைக் கீரை ஒரு கட்டு ஆய்ந்து பாருங்கள், முனைவர் பட்டம் தேவலை என்று இருக்கும்.

காய் நறுக்க ஆரம்பித்தபிறகுதான் தட்டைக் கவனித்தேன். ஒருநாள் அடுப்படித் தராசில் என் மதியச் சாதத்தை நிறுத்தேன், 420 கிராம். நூறு கிராம் சாதத்தில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் பொரியல் 60 கிராம் தேறவில்லை. நம் பேச்சிலேயே இருக்கிறது பாருங்கள், "தொட்டுக்க என்ன?" என்றுதான் கேட்கிறோம். சாதம்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. வயலிலும் களத்திலும் நாள் முழுக்க வேலை பார்த்த தலைமுறைக்குச் சாதம் எரிபொருள், சரியாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து விரலை மட்டும் ஆட்டுகிறவனுக்கும் அதே படி அரிசி என்றால் அது எங்கே போகும்? நான் செய்தது, தட்டைத் திருப்பிப் போட்டதுதான். பொரியலும் கூட்டும் முதலில், தட்டின் பாதி வரை. பருப்போ, சுண்டலோ, முட்டையோ, மீனோ அடுத்தது. சாதம் கடைசியில், 150 கிராம், குழம்பைத் தொட்டுக்கொள்ள. முதல் வாரம் சாப்பிட்ட மாதிரியே இல்லை. ரசம் சாதம் இல்லாமல் என்ன சாப்பாடு என்று எரிச்சல் வந்தது, சரி என்று ரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் குடித்தேன்.

இதில் வீட்டில் யாருக்கும் தனிச் சமையல் கிடையாது. குழந்தைகளுக்கு அதே பொரியல், அதே சாம்பார், அவர்களுக்குச் சாதம் கூட, உங்களுக்குக் காய் கூட. மாற்றம் கரண்டியில்தான், அடுப்பில் இல்லை.

தினை, சாமை எல்லாம் நல்லவைதான், பட்டை தீட்டாமல் கிடைத்தால் நார்ச்சத்து கூட. ஆனால் தினைச் சாதம் என்று பெயர் வைத்து அதே 420 கிராம் சாப்பிட்டால் சர்க்கரை ஏமாறாது. 2023-ஐ ஐநா சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் கடையெங்கும் கேழ்வரகு பிஸ்கட் வந்தது. பாக்கெட்டின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், எது எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பது விதி. முதல் இரண்டு இடத்தில் மைதாவும் சர்க்கரையும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஓட்ஸ் எது வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு ஓட்ஸ் பிடிக்குமா? கடிதத்தைப் பார்த்தால் பிடிப்பதாகத் தெரியவில்லை. பிடிக்காததை ஏன் சாப்பிடுகிறீர்கள், இரண்டு இட்லியும், காய் நிறையப் போட்ட ஒரு கிண்ணம் சாம்பாரும் சாப்பிடுங்கள், கூட ஒரு முட்டை. காபியில் சர்க்கரையைப் பத்து நாளுக்கு அரைக் கரண்டி என்று குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு சத்தம் போடாது.

இன்னொன்று, தசை. நாற்பதுக்கு மேல் அது தானாகக் கரைகிறது, சர்க்கரை போய்ச் சேருகிற பெரிய குதிர் அதுதான். நடையோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிம் பிடிக்காதென்றால் விடுங்கள், நாற்காலியைத் தொட்டு எழுந்து பத்துப் பத்தாக மூன்று முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, கடையிலிருந்து பத்துக் கிலோ அரிசியைக் கையில் தூக்கி வருவது. இருபது லிட்டர் தண்ணீர் கேனை மட்டும் திடீரென்று குனிந்து தூக்காதீர்கள், நான் தூக்கி ஒரு வாரம் படுத்தேன்.

மூன்று மாதம் கழித்து அடுத்த ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள். காய் நறுக்குவதை நாளையே ஆரம்பியுங்கள், பீன்ஸ், அவரை என்று சுலபமானதாக. வாழைப்பூவை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் தடவினாலும் நகக்கண்ணில் கறை நிற்கும், திங்கள் மீட்டிங்கில் எல்லோரும் கேட்பார்கள்.

அன்புடன்.