மடியில் கணினி, வழியில் பயம் ஏன்?

லேப்டாப் வாங்குவது, ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) போடுவது, கழற்றித் துடைப்பது பற்றி நெல்லைச் சீமை வாசகர்கள் இந்த மாதம் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

அண்ணாச்சி, மகள் காலேஜுக்குப் போறான்னு புது லேப்டாப் எடுத்திருக்கோம். எல்லாம் நாங்களே போட்டுத் தாரோம், தனியா ஆயிரம் ரூவா ஆகும்னு கடையில சொல்லுதாவ. கொடுக்கலாமா?
— ஒரு தாயார், பாளையங்கோட்டை

கொடுக்க வேண்டாம். விண்டோஸோடு வரும் லேப்டாப்பில் கடைக்காரர் போடுவதற்கு ஒன்றும் இல்லை. திரை கேட்பதற்கெல்லாம் பதில் சொன்னால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பெட்டியில் ‘டாஸ்’ அல்லது ‘ஃப்ரீடாஸ்’ என்று எழுதியிருந்தால் மட்டும் விஷயம் வேறு. அதில் விண்டோஸ் கிடையாது, தனியாக வாங்க வேண்டும்.

ஆயிரம் ரூபாய்கூடப் பெரிதில்லை. அவசரத்தில் கடைப் பையன் தன் மெயிலையோ, கடைக்கென்று வைத்திருக்கும் ஏதோ ஒரு மெயிலையோ கொடுத்து லேப்டாப்பைத் திறந்துவிடுவான். அதுதான் வம்பு. கூடவே வரும் ஆபீஸ் மென்பொருள் முதலில் எந்தக் கணக்கில் பதிவாகிறதோ அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். டிரைவைப் பூட்டும் சாவியும் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) அங்கேயே போய்ச் சேரும். அதனால் உங்கள் மகளே, தன் சொந்த மெயிலில், தன் கையால் செய்யட்டும்.

கடையை விட்டு இறங்குமுன் பில், பெட்டி, லேப்டாப்பின் அடிப்பக்கம் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் சார்ஜரைச் செருகி, வைஃபையில் இணைத்துத் தொடங்குங்கள். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இல்லாமல் நகராது. உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட். மூன்று நான்கு முறை ரீஸ்டார்ட் கேட்கும், பல ஜிபி இறங்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் தினம் கிடைக்கும் ஒன்றரை, இரண்டு ஜிபி பாதி வழியிலேயே தீர்ந்துவிடும் என்பதால் வைஃபை உள்ள வீட்டில் செய்வது நல்லது. பயோஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வந்தால் சார்ஜர் இணைந்தே இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனால் பேட்டரி தாங்கும். ஆனால் ‘நின்னுட்டு போல’ என்று பவர் பட்டனை அமுக்கினால் போர்டே போகலாம்.

கூடவே வரும் சோதனைக்கால ஆன்டிவைரஸை நீக்கிவிடுங்கள். அது போனதும் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு தானாக விழித்துக்கொள்ளும், மாணவிக்கு அது போதும். தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டி தொடங்கும் தேதியைப் பாருங்கள். பில் தேதிக்கு முந்தைய நாளைக் காட்டினால் பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம். முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பது நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் பேட்டரிக்கு அது தேவையே இல்லை.

512 ஜிபி என்று வாங்கினேன், 476 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகர், சேரன்மகாதேவி

இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. 512 நூறு கோடியை அந்தக் கணக்கால் வகுத்தால் 476.8 வரும். மீட்புக்கென்று ஒதுக்கிய சிறு பகுதிகளும் போக சி டிரைவில் இன்னும் கொஞ்சம் குறைவாகத் தெரியும்.

சர்வீஸ்ல மதர்போர்டு மாத்திக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்து ஆன் பண்ணினா நீலத் திரையில 48 இலக்க எண் கேக்கு. பக்கத்துக் கடைக்காரர், ஃபார்மட் அடிச்சா சரியாயிரும்ங்காரு. பிள்ளை படமெல்லாம் உள்ள கிடக்கு.
— வாசகர், அம்பாசமுத்திரம்

ஃபார்மட் அடித்தால் லேப்டாப் சரியாகும், படங்கள் போய்விடும். அவர் சொன்னது பாதிதான்.

உங்கள் டிரைவ், விண்டோஸின் சொந்தப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது. சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற சில்லில் இருந்தது. போர்டு மாறியதும் புதுச் சில்லிடம் அந்தச் சாவி இல்லை, அதனால்தான் கேட்கிறது. நீங்கள் பூட்டியதாக நினைவில்லாமல் இருக்கலாம். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக அமைக்கும் பெரும்பாலான லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே, ஹோம் பதிப்பானாலும், பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. சாவியின் நகலும் அதே கணக்கில் ஏறிவிடுகிறது.

ஆகவே போனில் பிரவுசரைத் திறந்து, லேப்டாப்பை முதன்முதலில் அமைத்தபோது கொடுத்த மெயிலில் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்துக்குள் நுழையுங்கள். சாதனங்கள் பட்டியலில் உங்கள் லேப்டாப்பின் கீழ் பிட்லாக்கர் ரிக்கவரி கீ இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் தெரிந்தால், நீலத் திரையில் உள்ள கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள். அங்கே இல்லையென்றால் வீட்டில் வேறு யார் முதலில் உள்நுழைந்தார்கள் என்று யோசியுங்கள். கல்லூரி மெயிலைக் கொடுத்திருந்தால் சாவி கல்லூரி சிஸ்டம் அட்மினிடம் கேட்டால் கிடைக்கும். எங்குமே கிடைக்காவிட்டால் படங்களை மறந்துவிட வேண்டியதுதான். ‘உடைச்சு எடுத்துத் தாரேன்’ என்று எவர் முன்பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அது நடக்காத காரியம்.

மற்றவர்கள் இன்றே ஒரு காரியம் செய்யலாம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதன் உள்ளே டிவைஸ் என்கிரிப்ஷன். அது ஆனில் இருந்தால் கணக்குப் பக்கத்தில் சாவியைப் பார்த்து ஒரு தாளில் எழுதி பில்லோடு வையுங்கள். லேப்டாப்பிலேயே சேமித்து வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. சர்வீஸுக்குக் கொடுக்குமுன் அந்தப் பூட்டை ஆஃப் செய்து, அது முழுவதும் விடுபடும்வரை காத்திருந்து கொடுப்பது இன்னும் நல்லது.

லேப்டாப் ரொம்ப மெதுவாயிட்டு. பென்டிரைவ்ல விண்டோஸ் 11 போடலாம்னு உட்கார்ந்தா, டிரைவ் ஒண்ணுமே இல்லைன்னு வருது. எஸ்எஸ்டி போயிட்டா, அண்ணாச்சி?
— பாலிடெக்னிக் மாணவர், தென்காசி

போகவில்லை. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு எஸ்எஸ்டிக்கு, அதாவது கோப்புகளைச் சேமிக்கும் டிரைவுக்கு, முன்னால் நிற்கிறது. அதற்குரிய டிரைவர் (பாகத்தை விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தும் சிறு மென்பொருள்) விண்டோஸ் பென்டிரைவில் இல்லாததால் டிஸ்க் கண்ணில் படவில்லை. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பக்கத்தில் ஸ்டோரேஜ் பிரிவில் இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்குங்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இறங்குவது ஒரே இஎக்ஸ்இ கோப்பு, அதை அப்படியே பென்டிரைவில் போட்டால் செட்டப் சீந்தாது. வேறொரு கணினியில் அதைப் பிரித்து, ஐஎன்எஃப் கோப்புகள் உள்ள ஃபோல்டரை பென்டிரைவுக்கு நகலெடுங்கள். ‘லோட் டிரைவர்’ அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். சில பயோஸ்களில் விஎம்டியை நிறுத்தவும் வழி உண்டு. ஆனால் நிறுத்தினால் உள்ளே இருக்கும் பழைய விண்டோஸ் பூட் ஆகாது, எல்லாவற்றையும் அழிப்பதாக இருந்தால் மட்டும் அந்த வழி.

மீதி சுருக்கமாக. பென்டிரைவ் குறைந்தது 8 ஜிபி, அதில் உள்ளது அனைத்தும் அழியும். பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லும் பூட் மெனுவுக்கு எச்பியில் எஃப்9, டெல், லெனோவோவில் எஃப்12, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12-தான், ஆனால் சில மாடல்களில் அந்த மெனுவை முதலில் பயோஸில் ஆன் செய்ய வேண்டும். புராடக்ட் கீ கேட்டால் ‘என்னிடம் இல்லை’ என்று தாண்டிப் போங்கள். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில் சாவி பயோஸிலேயே பதிந்திருக்கும், அதே பதிப்பைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும். ஹோம் இருந்ததில் புரோ போட்டால் ஆகாது. முடிந்ததும் வைஃபை டிரைவர் இல்லை என்று நின்றால், ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் அதிலேயே இணையம் வந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று: மெதுவாவதற்கு ஃபார்மட் முதல் மருந்தல்ல. சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கிறதா? டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பக்கத்தில் எத்தனை மென்பொருள்கள் விடியற்காலையிலேயே எழுந்து உட்கார்ந்திருக்கின்றன? ராம் (ஓடும் மென்பொருள்கள் தங்கும் நினைவகம்) 90 சதவீதத்தில் முட்டிக்கொண்டிருக்கிறதா? ராம்தான் போதவில்லை என்றால் நூறு முறை ஓஎஸ் போட்டாலும் மறுவாரமே பழைய குருடி கதவைத் திறடி.

விண்டோஸ் புதுசா போட்ட பிறகு பழைய தமிழ் ஃபைல் எல்லாம் ஆங்கில எழுத்தாக் கிறுக்கிக் கிடக்கு. பத்து வருஷ மனு, பத்திரம் எல்லாம் போச்சா?
— டைப்பிங் சென்டர் நடத்துபவர், சங்கரன்கோவில்

ஒன்றும் போகவில்லை, எழுத்துரு மட்டும் இல்லை. பாமினி, வானவில் போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்தவை. எழுத்துரு நீங்கியதும் அடியில் இருந்த ஆங்கிலம் பல்லைக் காட்டுகிறது. அதே எழுத்துருவைத் திரும்பப் போட்டால் கோப்பு பழையபடி தெரியும்.

அடுத்த முறை ஓஎஸ் போடுமுன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸை நகலெடுங்கள். அது மட்டும் போதாது. இரட்டைக் கிளிக்கில் போட்ட எழுத்துருக்கள் இப்போதெல்லாம் பயனருக்குரிய ஃபோல்டரில், ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வழியில் ஒளிந்திருக்கும். அதையும் எடுங்கள். இனிமேல் அடிப்பதை யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை. விண்டோஸில் தமிழ் மொழியைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் இலவசமாக உண்டு. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். பழையவற்றை என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியதை ஒரு முறை வாசித்துச் சரிபார்க்காமல் மட்டும் பத்திரத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

இரண்டு வருட லேப்டாப். விசிறி அம்மிபோல அரைக்கிறது, கை வைக்க முடியாத சூடு. நானே கழற்றலாமா?
— ஆசிரியர், திசையன்விளை

தேரிக் காட்டுச் செம்மண் மாவுபோல நயமானது, ஜன்னலை அடைத்தாலும் வரும். விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவில் அது தலைமுடியோடும் பஞ்சோடும் சேர்ந்து கம்பளம்போலப் படியும். காற்று போக வழியில்லாமல் விசிறி கத்தும், சூடு தாங்காமல் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் பக்கத்தில் வருடத்துக்கு ஒரு முறை துடைப்பது அவசியம். ஆலங்குளம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடுகளிலும் புகையிலைத் தூளால் இதே கதைதான்.

வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டர். முடிந்துவிட்டது என்றால் நீங்களே செய்யலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுவதும் அணையும். சார்ஜரை எடுங்கள். பூஜ்ய அளவு ஸ்டார் முனை ஸ்க்ரூ டிரைவர் பெரும்பாலும் பொருந்தும். ரப்பர் கால்களுக்கு அடியிலும் திருகு ஒளிந்திருக்கும். திருகுகள் ஒரே நீளம் அல்ல. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் கீபோர்டு பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும். மூடியைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்புங்கள், கத்தி வேண்டாம்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. பிறகு பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அமுக்கி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்திவிட்டு மாற்ற ஏற்பாடு செய்யுங்கள், அமுக்கியோ குத்தியோ பார்க்காதீர்கள். டச்பேட் மேலே தூக்கி நின்றாலே அதுதான் காரணம்.

விசிறியின் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் அது தாறுமாறாகச் சுழன்று பேரிங் தேயும். கேமரா லென்ஸுக்கான ரப்பர் புளோயரும் மெல்லிய பிரஷும் போதும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும். கம்பளம்போலப் படிந்தது ஊதினால் வராது. விசிறியை இரண்டு மூன்று திருகு கழற்றித் தூக்கி, சிறு இடுக்கியால் உரித்தெடுக்க வேண்டும்.

பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் வெப்பத் தகட்டைத் தூக்கினால்தான் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் மாற்ற வேண்டும், சும்மா துடைப்பதற்குத் தூக்க வேண்டாம். தூக்கினால், திருகுகளில் எழுதியிருக்கும் எண்களைத் தலைகீழாகப் பின்பற்றித் தளர்த்துங்கள், மாட்டும்போது ஒன்றிலிருந்து வரிசையாக. பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நெல்மணி அளவு புதுப் பேஸ்டைச் சில்லின் முகம் முழுதும் மெல்லிசாகத் தடவுங்கள். பக்கத்தில் உள்ள ரப்பர்போன்ற வெப்பப் பட்டைகளைக் கிழிக்காமல் அதே இடத்தில் வையுங்கள். பளபளவென்று பாதரசம்போல எதாவது தெரிந்தால் அது திரவ உலோகம், தொடாமல் மூடிவிடுங்கள்.

பத்தமடைப் பாயில் வைத்து வேலை செய்வது பரவாயில்லை, ரப்பர் கால் தூக்கிப் பிடிக்கும். மெத்தைதான் ஆகாது, அடித்துளை முழுக்க அமிழ்ந்துவிடும்.

சார்ஜ் போடும்போது லேப்டாப்பைத் தொட்டால் சுருசுரு என்கிறது.
— வாசகி, வள்ளியூர்

உலோக உடல் உள்ள லேப்டாப்பில், சார்ஜருக்குள் இரைச்சல் வடிகட்ட வைத்த கப்பாசிட்டர் வழியே மிகச் சிறிய மின்சாரம் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் விரல் வழியே போகும். மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் கன்வர்ட்டரில் மாட்டியிருந்தால் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள். நேராகச் செருகியும் சுருசுருத்தால் வீட்டு எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனிடம் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. கோடையில் எர்த் குழி காய்ந்துவிடுவது நம் பக்கத்தில் சகஜம், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சுருசுருப்பு இல்லாமல் சுள்ளென்று அடித்தால் சார்ஜரையே மாற்றுங்கள்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப் பரணில் கிடக்கிறது. தம்பிக்கு உதவுமா?
— வாசகர், கடையநல்லூர்

உதவும். அதில் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி மாட்டினால் ஆளே மாறிவிடும், 256 ஜிபி போதும். ராம் கூட்டுவதானால் பழைய ராமின் லேபிளைப் பாருங்கள். பிசி3 என்றிருந்தால் 1.5 வோல்ட், பிசி3எல் என்றிருந்தால் 1.35 வோல்ட். குறைந்த வோல்ட் மட்டும் ஏற்கும் போர்டில் 1.5 வோல்ட் ராமைப் போட்டால் திரையே வராது. பழைய டிஸ்கைத் தூக்கி எறியாதீர்கள், முதலில் உள்ளே இருப்பதை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.