மூக்குச் சளி டெஸ்ட்: ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்டவை

மூன்று வயது மகளுக்கு இருமல், இழுப்பு. ஒரே சாம்பிளில் பல வைரஸ்களைத் தேடும் பேனல் டெஸ்டில் ரைனோ, அடினோ, போகா என மூன்று வைரஸுமே பாசிட்டிவ். ஒரே நேரத்தில் மூன்று நோயா? (ஒரு தாய், திருச்சி)

இல்லை, பதற வேண்டாம். இந்த டெஸ்டில் பயன்படுத்தும் பிசிஆர் முறை தேடுவது வைரஸின் மரபணுத் துண்டை மட்டும்தான். அது இன்றைய காய்ச்சலைக் கொடுத்த வைரஸா, போன மாதச் சளியின் மிச்சமா என்று மெஷினுக்குத் தெரியாது. போகாவும் அடினோவும் குழந்தை தேறி ஓடியாட ஆரம்பித்த பிறகும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மூக்கிலேயே கிடக்கும். பால்வாடிக்குப் போகிற வயது வேறு, ஒன்று கிளம்புவதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ரிப்போர்ட்டில் சிடி என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். எண் குறைவு என்றால் வைரஸ் அதிகம், சுமார் 3.3 கூடினால் வைரஸ் பத்தில் ஒரு பங்காகிறது. ரைனோ 19, போகா 36 என்றிருந்தால் நான் ரைனோவைத்தான் சந்தேகப்படுவேன். இதுவும் முரட்டுக் கணக்குதான், மூக்கில் ஸ்வாப் (பஞ்சுக் குச்சி) விட்டுச் சளி எடுத்த கையைப் பொறுத்தே எண் மாறும், அதனால் பல லேப்களில் அதை அச்சிடுவதே இல்லை. எப்படியும் மூன்று பாசிட்டிவுக்கு மூன்று மருந்து கிடையாது. மூச்சு வாங்குகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, அதைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

சில நிமிடத்தில் முடிவு சொல்லும் ரேபிட் கார்டில் ஃப்ளூ நெகட்டிவ். அப்போ ஃப்ளூ இல்லைதானே?

ஃப்ளூ சீசனில் கார்டில் பாசிட்டிவ் கோடு விழுந்தால் நம்புங்கள், விழவில்லை என்றால் நம்பாதீர்கள். உண்மையிலேயே ஃப்ளூ இருப்பவர்களில் ஏறக்குறைய 50 முதல் 70 சதவீதம் பேரைத்தான் அந்தக் கார்டு பிடிக்கும். ஃப்ளூ மருந்தான ஓசெல்டாமிவிர், நோய் தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால், கைக்குழந்தைக்கோ இதய நோய் உள்ள குழந்தைக்கோ டாக்டருக்குச் சந்தேகம் வந்தாலே பிசிஆர் முடிவுக்குக் காத்திருக்காமல் ஆரம்பித்துவிடுவார். அதுதான் சரி.

குழந்தை அலறுகிறது, மூக்கு நுனியில் தொட்டு எடுத்தால் போதாதா? (ஸ்டாஃப் நர்ஸ், விழுப்புரம்)

சிஸ்டர், உங்கள் சங்கடம் புரிகிறது, ஆனால் நுனியில் தொட்டு எடுத்த ஸ்வாப் எங்கள் லேபுக்கு வந்ததும் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சாம்பிளிலும் வைரஸோடு சேர்த்து ஆர்என்ஏஸ்-பி என்ற மனித மரபணுவையும் தேடுகிறோம். ஒருமுறை ஒரே வார்டிலிருந்து வந்த பத்து சாம்பிள் குழாய்களில் ஏழில் அந்த மனித மரபணுவுக்கான கோடு பிசிஆர் மெஷினில் எழும்பவே இல்லை. அதாவது ஸ்வாப்பில் குழந்தையின் செல்லே இல்லை. அதை 'வைரஸ் நெகட்டிவ்' என்று எழுதினால் அது பொய். ஏழு குழந்தைகளுக்கும் மறுபடி எடுக்கச் சொன்னோம், அன்றைக்கு வாங்கிக்கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

குச்சியை மேல்நோக்கிச் செருகாதீர்கள், காது இருக்கும் திசையில் படுக்கையாகப் போக வேண்டும். மரக்குச்சிப் பஞ்சு வேண்டாம், அது பிசிஆரைக் கெடுக்கும். குழாயை 2 முதல் 8 டிகிரியில் வைத்து 72 மணி நேரத்துக்குள் அனுப்புங்கள். ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சளி, இருமல் தரும் எச்எம்பிவி புது வைரஸா?

2025 ஜனவரியில் ஊரே பயந்ததே, அதுவா? நெதர்லாந்தில் 2001-ல் கண்டுபிடித்தார்கள். பிறகு 1958-லேயே எடுத்துவைத்த ரத்தத்தைப் பார்த்தால் அதிலும் இதற்கான ஆன்டிபாடி. ஐந்து வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு தடவை வந்து போய்விடும். உங்களுக்கும் வந்திருக்கும்.

ஃப்ளூவில் ஏ, பி, எச்3என்2 என்று டைப் பார்ப்பதால் என் பையனுக்கு என்ன லாபம்?

நேரடியாக, அநேகமாக ஒன்றுமில்லை. எச்1என்1 ஆனாலும் எச்3என்2 ஆனாலும் மருந்து அதேதான். ஆனால் இப்படி ஊர் ஊராக டைப் பார்த்துச் சேர்த்த கணக்கை வைத்துத்தான் ஃப்ளூ தடுப்பூசியில் எதைப் போடுவது என்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை முடிவெடுக்கிறது. ஃப்ளூ பி வைரஸில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கேயும் உறுதியாகச் சிக்கவில்லை. எல்லோரும் தேடியும் கிடைக்காததால், இனி அது தடுப்பூசியில் வேண்டாம் என்று 2023-ல் சொல்லிவிட்டார்கள்.