அப்பாவின் இரண்டு மாதக் கணக்கு

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை. அவர் தினமும் சாப்பிடுவதைக் குறித்துவைக்க, இலவசமாகக் கிடைத்த ஒரு செயலியை என் விண்டோஸ் லேப்டாப்பிலேயே நிறுவினேன். அதன் பதிவுகளைச் சேமித்துவைக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 15ஆம் பதிப்பில் இரண்டு மாதம் நன்றாக ஓடியது. போன வாரம் 17ஐப் போட்டுவிட்டு 15ஐ நீக்கினேன். இப்போது பக்கம் திறக்கிறது. ஆனால் ‘5432, கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்கிறது. கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றியும் பயனில்லை. பழைய பதிவுகள் போய்விட்டனவா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: போயிருக்காது, பதறாதீர்கள். போஸ்ட்கிரெஸை நீக்கும்போது மென்பொருள்தான் போகும். ‘டேட்டா’ ஃபோல்டர் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போஸ்ட்கிரெஸ், அதற்குள் 15 என்று தேடுங்கள். இருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள்.

கடவுச்சொல்லில் கோளாறு இல்லை. அது தவறாக இருந்தால் ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ என்று பதில் வரும். பதில் சொல்ல சர்வர், அதாவது போஸ்ட்கிரெஸ், விழித்திருக்கிறது என்று அர்த்தம். 5432 என்பது செயலி போஸ்ட்கிரெஸைத் தேடித் தட்டும் கதவு எண். ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் அந்தக் கதவுக்குப் பின்னால் ஆளே இல்லை. நீங்கள் 17ஐப் போட்டபோது 5432ஐ 15 பிடித்து வைத்திருந்தது. அதனால் 17 பக்கத்துக் கதவான 5433க்குப் போயிருக்கும். அப்புறம் 15ஐ நீக்கியதும் 5432 காலியாகிவிட்டது. செயலி இன்னமும் அங்கேதான் தட்டிக்கொண்டிருக்கிறது.

செயலியில் எண்ணை 5433 என்று மாற்றினால் தொடர்பு கிடைக்கும், ஆனால் 17 வெறும் வீடு. 15இன் டேட்டா ஃபோல்டரை 17ஆல் நேரடியாகப் படிக்கவும் முடியாது. ஆகவே 15ஐயே அதே இடத்தில் திரும்ப நிறுவுங்கள். பழைய ஃபோல்டரையே காட்டி, பழைய கடவுச்சொல்லையே கொடுங்கள்; செயலியில் மாற்றியிருந்தால் அங்கேயும் அதையே திரும்பப் போடுங்கள். செயலி பழையபடி ஓடும். 17க்கு மாற அவசரமே இல்லை. 15க்கு 2027 நவம்பர் வரை திருத்தங்கள் வரும். மாறும் நாளில் 17உடன் வந்த பிஜி டம்ப் என்ற நகலெடுக்கும் கருவியால் 15இன் பதிவுகளைப் பிரதி எடுத்து, 17இல் காலி டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி, அதில் ஏற்றுங்கள். செயலிக்கு டேட்டாபேஸைக் காட்டும் முகவரி வரியில் கதவு எண்ணை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கடவுச்சொல்லில் @ இருந்தால் அங்கே %40 என்று எழுத வேண்டும். இதற்காக நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கும் சர்க்கரை; கீழக்கரை வீட்டில் இதே மாதிரி ஒன்றை ஓட்டினேன். இப்படிப்பட்ட செயலிகளோடு வரும் உணவுப் பட்டியலில் சால்மன் இருக்கும், நம் ஊர் மீன்களான சூடை, காரல், நகரை எதுவும் இருக்காது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் 528 உணவுகளுக்கு வெளியிட்ட அட்டவணையிலிருந்து எடுத்து, நம் பெயர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்கள் தின்னக்கூடிய 100 கிராமுக்கு. தலையும் முள்ளும் சேராது. அம்மா சாப்பிட்ட பிறகு தட்டில் ஒதுக்கிய முள்ளை நிறுத்துக் கழித்தபோதுதான், முதல் மாதம் முழுக்க நான் மீனைக் கூட்டி எழுதியிருந்தது தெரிந்தது.

அளவையும் கிராமில் மட்டும் கேட்காதீர்கள். அம்மா ‘கஞ்சி இரண்டு அகப்பை’ என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டு அகப்பை கொள்ளும் கஞ்சியை ஒருமுறை நிறுத்து, டேட்டாபேஸில் தனி அட்டவணையில் அந்த எடையைப் போட்டுவைத்தேன். அதற்கப்புறம்தான் அவரே கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

உணவுப் பட்டியலில் கருவாட்டுக்கும் தனி வரி வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது எங்கள் வீட்டில் கருவாடுதான் அதிகம். அதைப் பச்சை மீன் வரியிலேயே எழுதினால் அந்த மாதங்களின் உப்புக் கணக்கு டாக்டர் கண்ணில் படாமலே போய்விடும். அப்பாவுக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் இதை முதலில் செய்யுங்கள்.