டிஸ்க் பாதியில் மறைகிறது, கீபோர்டு எழுத்தை விழுங்குகிறது: ராஸ்பெரி பையில் யுஎஸ்பி கோளாறு

கேள்வி: வீட்டில் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி வைத்திருக்கிறேன். 2 டெராபைட் கையடக்க ஹார்ட் டிஸ்க்கை நீல நிற யுஎஸ்பி துளையில் செருகி, குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் அதில் சேமிக்கிறேன். பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது பாதியில் டிஸ்க் காணாமல் போகிறது. கழற்றிச் செருகினால் திரும்ப வருகிறது. வயர்லெஸ் கீபோர்டும் அவ்வப்போது எழுத்துகளை விழுங்குகிறது. இயங்குதளத்தை அழித்து மறுபடி நிறுவியும் பயனில்லை. பழைய போனின் 33 வாட் சார்ஜரில்தான் ஓடுகிறது, ஆகவே மின்சாரத்துக்குக் குறைவில்லை. பை 5 வாங்கினால் தீருமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இதே சார்ஜரை வைத்துக்கொண்டு பை 5 வாங்கினால் நிலைமை மோசமாகும். பை 4 தன் நான்கு யுஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர் வரை தருகிறது. பை 5 அப்படி இல்லை. 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தர முடியும் என்று சார்ஜர் தானே அறிவித்தால்தான் 1.6 ஆம்பியர் வரை விடும். இல்லாவிட்டால் மொத்தத்துக்கும் 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். உங்கள் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அதைவிட அதிகமாகக் கேட்கக்கூடும்.

‘33 வாட், குறைவில்லை’ என்ற கணக்கில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. வேக சார்ஜர்கள் அந்த வாட்டை 9 அல்லது 11 வோல்ட் போன்ற உயர் அழுத்தத்தில்தான் தருகின்றன, அதுவும் போனோடு பேசி உடன்பட்ட பிறகு. பை 4 அந்தப் பேச்சுக்கே போவதில்லை. அதற்கு வேண்டியது 5 வோல்ட் மட்டும். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 5 வோல்ட்டுக்கு எதிரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பல சார்ஜர்களில் அது 2 ஆம்பியராகத்தான் இருக்கும். பை 4-க்குப் பரிந்துரைக்கப்படுவது 5.1 வோல்ட், 3 ஆம்பியர்.

அடுத்தது கேபிள். சார்ஜரை மாற்றுகிறவர்கள்கூட இதை மாற்றுவதில்லை. போவதும் வருவதுமாகக் கேபிளின் மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய சார்ஜிங் கேபிளுக்கு இது சாதாரணம். 2 ஆம்பியர் பாயும்போது வழியிலேயே 0.4 வோல்ட் போய்விடும். 5 வோல்ட்டில் புறப்பட்டது 4.6-ஆகத்தான் வந்து சேரும். ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை அதைக் குறைமின்னழுத்தமாகக் கணக்கிடுகிறது. மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு மங்குவதைப் போன்றதுதான் இது. சும்மா இருக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். நகலெடுக்கத் தொடங்கிச் சில நிமிடங்களில் டிஸ்க் தடுமாறும். அதிகாரபூர்வ சார்ஜரில் கேபிள் கழற்ற முடியாதபடி இணைந்திருப்பதற்கும், 5-க்குப் பதில் 5.1 வோல்ட் தருவதற்கும் காரணம் இந்த இழப்புதான்.

இதை நம்பிக் கடைக்கு ஓடுவதற்கு முன் இயந்திரத்தையே கேட்டுவிடலாம். திரை இணைத்திருந்தால் மூலையில் மின்னல் குறி வருகிறதா என்று கவனியுங்கள். திரை இல்லாவிட்டால் டெர்மினலில் நிர்வாகி உரிமை தரும் சூடோ என்ற சொல்லுக்குப் பின் டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை எழுதி, இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் டபிள்யூவும் சேர்த்து ஓடவிடுங்கள். இயங்குதளத்தின் மையமான கர்னல் எழுதும் பதிவு அப்போதைக்கப்போது கண்முன் ஓடும். அதைத் திறந்து வைத்துக்கொண்டே ஒரு பெரிய கோப்பை நகலெடுங்கள். டிஸ்க் விழும் கணத்துக்குச் சற்று முன் என்ன வரி வருகிறது என்பதுதான் முக்கியம். ‘அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்’ என்று வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை: சார்ஜரும் கேபிளும். ‘ஓவர்-கரன்ட்’ என்று வந்தால் சார்ஜர் நன்றாக இருந்தும் யுஎஸ்பி துளைகளின் வரம்பைச் சாதனங்கள் மீறுகின்றன என்று பொருள். ஒரு துளையைப் பல துளைகளாக்கும், தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் வேண்டும். ‘எரர் -71’ என்பது இரு பக்கமும் பேசிக்கொள்ளும் சமிக்ஞை சிதைந்ததைச் சொல்கிறது, ‘எரர் -110’ பதில் வராமல் நேரம் முடிந்ததை. மின்சாரம் சரியாக இருந்து இவை மட்டும் வந்தால், டிஸ்க்கோடு வந்த கேபிளை மாற்றிப் பாருங்கள். டிஸ்க் பக்கம் செருகும் அந்த அகலமான தட்டை முனை காலப்போக்கில் தளர்ந்துவிடும்.

ஹப் வாங்கினால் ஒரு சோதனை அவசியம். பையின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஹப்பை மட்டும் மின்சாரத்தில் வைத்துப் பையோடு இணையுங்கள். பையின் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த ஹப் மின்சாரத்தைப் பின்வழியாகப் பைக்குள் தள்ளுகிறது. விலை மலிவு என்று வைத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மின்சாரம், கேபிள் இரண்டும் சரியான பிறகும் டிஸ்க் விழுந்து, பதிவில் ‘யுஏஎஸ்’ என்று தொடங்கும் வரிகள் வரிசையாக வந்தால் குற்றவாளி வேறு. டிஸ்க் பெட்டிக்குள், டிஸ்க்கின் சொந்த இணைப்பு முறையான சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் சிறு சிப் ஒன்று இருக்கிறது. யுஏஎஸ் என்ற வேகமான நெறிமுறையைத் தாங்குவதாகச் சொல்லிக்கொண்டு, சுமை ஏறியதும் திணறும் சிப்கள் உண்டு. பழைய முறைக்கே அதைத் திருப்பிவிடலாம். எல்-எஸ்-யு-எஸ்-பி கட்டளையை ஓட்டினால் டிஸ்க்குக்கு எதிரே நான்கு நான்கு குறிகளாக ஓர் அடையாள எண் வரும். பை தொடங்கும்போது படிக்கும் பூட் பகிர்வில் உள்ள ‘சிஎம்டிலைன்’ உரைக்கோப்பில் ‘யுஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவிர்க்ஸ்’ என எழுதி, சமக்குறி போட்டு, அந்த எண்ணையும், பின் ஒரு முக்காற்புள்ளியும் யு எழுத்தும் சேருங்கள். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், ஏற்கெனவே உள்ள அந்த ஒரே வரியிலேயே இருக்க வேண்டும். புதிய வரி தொடங்கினால் அது எடுபடாது. வேகம் சற்றுக் குறையும், சுழலும் டிஸ்க்கில் அது தெரியக்கூட தெரியாது.

கீபோர்டுக்கு வருவோம். இது தனிக் கோளாறு, டிஸ்க்கோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். யுஎஸ்பி 3 தரவு பாயும்போது கேபிளும் இணைப்பு முனையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வானொலி இரைச்சலைக் கக்குகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டது. உங்கள் கீபோர்டின் ரிசீவர் வேலை செய்வதும் அதே அலைவரிசையில்தான். நீலத் துளைக்குப் பக்கத்துத் துளையில் அதைச் செருகினால் காது கேட்காமல்தான் போகும். இங்கே பலரும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தட்டச்சு செய்து பார்ப்பார்கள். அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் டிஸ்க்கைக் கழற்றும்போது மின்சுமையும் குறைகிறது. டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ரிசீவரை மட்டும் ஒரு யுஎஸ்பி 2 நீட்டிப்பு வயரில் மாட்டி முழ நீளம் தள்ளி வையுங்கள். எழுத்துகள் ஒழுங்காக விழுந்தால் காரணம் இரைச்சல்தான். வயரை அப்படியே விட்டுவிடுங்கள். ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளோடு பேசும் ஜிக்பீ டாங்கிளை யுஎஸ்பியில் வைத்திருப்பவர்களுக்கும் இதே மருந்துதான்.

இத்தனை முறை எழுதும்போதே அறுந்த டிஸ்க்கின் கோப்பமைப்பு சேதமடைந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி நகலெடுக்கும் முன், டிஸ்க்கின் கோப்பமைப்பை இயங்குதளத்திலிருந்து விடுவித்து (அன்மவுண்ட் செய்து) சரிபார்ப்பை ஓட்டுங்கள்: கோப்பமைப்பு எக்ஸ்ட்4 வகை என்றால் பையிலேயே எஃப்எஸ்சிகே கட்டளை, என்டிஎஃப்எஸ் என்றால் விண்டோஸ் கணினியில் டிஸ்க் சோதனை. விழுந்து எழும் டிஸ்க் ‘எஸ்டிஏ’ என்ற பழைய பெயரில் வராமல் ‘எஸ்டிபி’ என்று வருவதும் உண்டு. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தப் பெயரைப் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, மாறாத அடையாளமான யுயுஐடியைப் போடுங்கள். கூடவே ‘நோஃபெயில்’ விருப்பத்தையும் சேர்த்தால், டிஸ்க் இல்லாத நாளிலும் பை தயங்காமல் தொடங்கும்.

இவை எல்லாம் முடிந்தும் விழுகிறதென்றால் டிஸ்க்கை வேறொரு கணினியில் இணைத்து டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அறிக்கையை எடுங்கள். பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்), மாற்றக் காத்திருக்கும் செக்டர்கள் இவற்றின் எண்ணிக்கை சுழியாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால், படங்களை உடனே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். பையை நோண்டுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.