பிரிட்டனில் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். வேலை செய்ய உரிமை உண்டு என்று நிறுவனத்திடம் எப்படி நிரூபிப்பது?

பழைய விசா முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டீர்கள், தேதி கடந்துவிட்டது, முடிவு வரவில்லை, நிறுவனம் நெருக்குகிறது: உங்கள் நிலைமை இதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். இதே இடத்தில் ஒருமுறை அடிபட்டவன்.

2023-இல் என் பி.ஆர்.பி அட்டையின் (விசா விவரம் அடங்கிய குடியிருப்பு அனுமதி அட்டை) தேதி ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அதற்குப் பதினோரு நாள் முன்பே விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்தியிருந்தேன். திங்களன்று மனிதவளப் பிரிவுப் பெண்மணி, கனிவாகத்தான், "புதிய அட்டை வரும்வரை வீட்டில் இருங்கள்" என்றார், சம்பளம் கிடையாது. காலத்தில் விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும்வரை பழைய அனுமதி அதே நிபந்தனைகளுடன் தொடரும் என்று 1971-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு சொல்வதை எடுத்துச் சொன்னேன். அது தங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது.

அவர் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. உரிமையில்லாதவரைப் பணியில் வைத்தால் தலைக்கு 20,000 பவுண்டு வரை அபராதம் என்றிருந்த காலம் அது. 2024 பிப்ரவரியிலிருந்து முதல் மீறலுக்கே 45,000 பவுண்டு வரை. ஆனால் அந்தப் பயத்தைத் தீர்க்கும் வழியை அரசே வைத்திருக்கிறது. உள்துறை அமைச்சகத்தின் பணியமர்த்துவோர் சரிபார்ப்புச் சேவையில் நிறுவனம் விசாரித்தால், உரிமை உண்டு என்ற அறிவிப்பு வரும். அது ஆறு மாதத்துக்கு நிறுவனத்தைக் காக்கும். விண்ணப்பம் நிலுவையில் இருப்பதாக நியாயமாக நம்பினால், அதைப் பெற 28 நாள் அவகாசமும் உண்டு. சிக்கல் என்னவென்றால், அங்கே விசாரிக்க வேண்டியவர் நிறுவனத்தார். நாமே கேட்டுப் பெற முடியாது. வழிகாட்டிப் பக்கத்தை அச்சிட்டுக் கோடிட்டு நான் கொடுத்த பிறகே அவர்கள் விசாரித்தார்கள். பதினேழு நாள் சம்பளம் போனது போனதுதான். வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட இதுவரை வரவில்லை.

"முறையாக வந்தவனுக்கு என்ன பயம்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். 1973-க்கு முன் கரீபியத் தீவுகளிலிருந்து முறையாக வந்து குடியேறியவர்கள், கையில் தாள் இல்லை என்பதற்காக வேலையும் வீடும் இழந்ததும், சிலர் நாடுகடத்தப்பட்டதும் 2018-இல் வெளிவந்து ஊரே நாறியது. அவர்களில் பலருக்குச் சான்றாக இருந்திருக்கக்கூடிய பழைய வருகை அட்டைகளை 2010-இல் அமைச்சகமே அழித்திருந்தது. உரிமை இருப்பது வேறு, அதைக் காட்ட முடிவது வேறு.

இப்போது அட்டையும் போய்விட்டது. 2024 முடிவோடு பி.ஆர்.பிக்குப் பதிலாக ஈ-விசா, அதாவது இணையத்தில் இருக்கும் மின்னணு அனுமதி, வந்துவிட்டது. முதலில் உள்துறை அமைச்சகத்தின் விசாப் பிரிவான யு.கே.வி.ஐ-யின் இணையக் கணக்கில் நுழைந்து, வேலைக்கான பகிர்வுக் குறியீட்டை எடுத்துப் பாருங்கள். 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும் எழுத்தும் எண்ணுமாக ஒன்பது இடம் கொண்ட அந்தக் குறியீடு 90 நாள் செல்லும். அதையும் பிறந்த தேதியையும் கொடுத்தால், நிறுவனம் அரசுத் தளத்தில் தானே பார்க்க வேண்டும்; உங்கள் கைப்பேசித் திரையைப் படம்பிடித்து அனுப்புவது சட்டப்படி சரிபார்ப்பு ஆகாது. அங்கே உங்கள் உரிமை தெரியாவிட்டால், மேலே சொன்ன சரிபார்ப்புச் சேவைதான் வழி. விண்ணப்பித்த தேதி தெரியும் மின்னஞ்சலையும் கட்டண ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தால் கணக்கிலும் உடனே மாற்றுங்கள்.

ஒன்று மட்டும்: முடிவு வருமுன் நாட்டைவிட்டு வெளியே போனால் 3சி பாதுகாப்பு அறுந்துவிடும். என் அண்ணன் மகள் திருமணத்தை நான் கைப்பேசியில்தான் பார்த்தேன்.