கேஸ் ஹீற்றரை எந்தச் சுவரில் பூட்டுவது?

வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒரு அக்கா எழுதியிருக்கிறார். தொட்டியில்லாத கேஸ் ஹீற்றர் ஒன்றை வாங்கி, குளியலறைக்கு வெளிப்பக்கம் கட்டடத்தின் வெளிச்சுவரில் பூட்டத் துளை போட்டபோது நிர்வாகக் குழு தடுத்துவிட்டதாம். "என் வீட்டுச் சுவர்தானே, வழக்குப் போடலாமா?" என்று கேட்கிறார்.

அக்கா, இதில் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. தொடர்மாடி வீடுகளின் உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தில் பிரதான சுவர்கள், தூண்கள், கூரை, படிக்கட்டு எல்லாமே பொதுப் பகுதி. உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும் அந்தச் சுவர் எல்லோருக்கும் சேர்ந்தது. அதைத் தொட முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின், அதாவது வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பின், சம்மதம் வேண்டும், அதுவும் எழுத்தில். தலைவர் படியில் வைத்துத் தலையாட்டினார் என்பதெல்லாம் பிறகு நிற்காது.

"அப்போ குளியலறைக்கு உள்ளேயே பூட்டுகிறேன்" என்று மட்டும் போய்விடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கேஸ் எரியும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பவர் மயங்கி விழுவது வெளியே யாருக்கும் தெரியாது.

கேஸ் ஹீற்றரைக் கடையில் மாற்ற முடியுமென்றால் மாற்றி, மின்சாரத்தில் ஓடும் சின்னதொன்றை எடுங்கள். கொழும்புத் தண்ணீர் எப்படியும் 28 பாகைக்குக் கிட்டத்தான் வரும், 3.5 கிலோவாற்று ஹீற்றர் நிமிடத்துக்கு 3 லீற்றரை இன்னும் 16, 17 பாகை சூடாக்கும், குளிக்க அது தாராளம். அது 15 அம்பியர் எடுக்கும். 6 கிலோவாற்று என்றால் 26 அம்பியர், உங்கள் இணைப்பு 30 அம்பியராக இருந்தால் ஏசியும் ஓடும் நேரத்தில் தாங்காது. ஷவருக்குக் கிட்ட, ஆனால் தண்ணீர் தெறிக்காத உட்சுவரில், உங்கள் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்துப் பூட்டச் சொல்லுங்கள். பொதுச் சுவரையும் பொதுக் குழாயையும் தொடாத வரை சுவர் விஷயத்தில் குழு தடுக்க இடமில்லை, ஆனாலும் கட்டடத்தின் விதிகளை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

கேஸ்தான் வேண்டுமென்றால் இடத்தைக் காட்டும் படத்தோடு குழுவுக்குக் கடிதம் கொடுங்கள். காரணமில்லாமல் மறுத்தால் வழக்குக்கு முன், தொடர்மாடிகளைக் கவனிக்கும் அரச நிறுவனமான கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபைக்குப் போகலாம்.

அப்புறம், போட்ட துளையை இந்தக் கிழமையே அடைத்துப் பூசி, படமெடுத்து வையுங்கள். அதன் வழியாக மழைத்தண்ணீர் மூன்றாம் மாடிக்கு இறங்கினால் நட்டஈடு கேட்டு வருவது உங்களிடம்தான்.