வறண்ட வீட்டுக்கு ஈரம்

கேள்வி: ஹீட்டர் ஓடத் தொடங்கினாலே வீட்டுக் காற்று வறண்டு உதடு வெடிக்கிறது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸில் (உலையில்) பொருத்தி, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர்களில் எதை வாங்குவது, எப்படிப் பராமரிப்பது?

பதில்: காற்றுக் கசிவு அதிகமில்லாத நடுத்தர வீட்டுக்கு, ஃபர்னஸின் ஊதுவிசிறியையே நம்பி இயங்கும் ‘பைபாஸ்’ வகை போதும், நீரைக் கொதிக்கவைக்கும் நீராவி வகை கூடுதல் ஈரம் தரும் என்றாலும், அது இழுக்கும் மின்சாரத்தை நினைத்தால் பெரிய வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். பராமரிப்பில் முக்கியம், நீர் வழிந்திறங்கி, ஊடே போகும் காற்றுக்கு ஈரம் தரும் வலைபோன்ற பேடுதான்: அதில் உப்பு வெள்ளையாகப் படிந்து இறுகிவிட்டால் நீர் வடிகுழாயில் போய்ச் சேருமே தவிர காற்றில் கலக்காது என்பதால், ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் புதியதை மாட்டிவிடுங்கள். ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் இருக்கட்டும். கடுங்குளிரில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்தால் உடனே ஈரப்பதத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லையேல் ஜன்னல் சட்டங்களில் பூஞ்சை பிடிக்கும். கோடையில் தண்ணீர் வால்வை மூடிவிடலாம்.